சேம அச்சு

சென்ற தை மாதம் எங்கள் சித்தப்பா மகன் பழைய பிக்கப் வண்டி ஒன்றை வாங்கினான். குன்னம் பக்கத்து ஊர்களில் இப்போது சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும்தான் பணப்பயிர்கள். வெங்காயத்தைத் திருச்சி மண்டிக்கு ஏற்றிப் போக வாடகை கொடுத்து மாளவில்லை என்று அவனே ஒரு வண்டிக்கு முதலாளியாகிவிட்டான். பூசை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி முடிந்தபின், எழுபதைக் கடந்த எங்கள் அப்பா மெல்ல ஏறி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். ஸ்டியரிங்கைத் தொடவில்லை. கியர்க் கம்பியின் பக்கத்தில் கையால் துழாவினார்.

"இன்னொரு குச்சி எங்கடா?"

"எந்தக் குச்சி பெரியப்பா?"

"முன்சக்கரத்த இழுக்குற குச்சி."

"அதெல்லாம் இதுல கிடையாது பெரியப்பா. பின்னாடி ரெண்டு வீலுதான் இழுக்கும். இப்ப எதுக்கு அது? அதான் ஊர் பூரா ரோடு போட்டாச்சே."

அப்பா ஒன்றும் சொல்லாமல் இறங்கிக்கொண்டார். சுற்றி நின்றவர்களுக்கு அந்தக் கேள்வி வேடிக்கையாக இருந்திருக்கும். அக்கா, அண்ணன் உட்பட எங்கள் மூவருக்கு மட்டும் அது வேடிக்கையாக இல்லை. இந்தக் கட்டுரை அந்தக் குச்சியைப் பற்றியது. மூவரும் ஒன்றாக நின்று பார்த்ததை மூவர் நினைவிலிருந்தும் சேர்த்து எழுதுவதால் 'நாங்கள்' என்றே எழுதிப் போகிறோம்.

*

நான்கு சக்கரங்களும் இழுக்கும் சிறிய வண்டி ஒன்று வேண்டும் என்ற தேவை போரிலிருந்து பிறந்தது. 1940-ஆம் ஆண்டின் கோடையில் ஐரோப்பா ஜெர்மனியிடம் வீழ்ந்துகொண்டிருந்தபோது, அமெரிக்க ராணுவம் 135 நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதியது. மாதிரி வண்டியை 49 நாள்களில் கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. உருப்படியாகப் பதில் சொன்னவை இரண்டே நிறுவனங்கள். அவற்றுள் கெடுவுக்குள் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியது பென்சில்வேனியாவின் பட்லர் நகரில் இருந்த அமெரிக்கன் பாண்டம் என்ற நொடித்துப்போன சிறு நிறுவனம். கார்ல் புரோப்ஸ்ட் என்ற பொறியாளர் சில நாள்களிலேயே வரைபடம் போட்டுக் கொடுத்தார். 1940 செப்டம்பர் 23 அன்று வண்டி ராணுவத்தின் சோதனைக்களத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

ஆனால் கண்டுபிடித்தவனுக்கே பலன் போய்ச்சேரும் என்பது இயந்திர வரலாற்றிலும் உறுதியில்லை. பாண்டம் சிறிய நிறுவனம். ராணுவம் கேட்கும் எண்ணிக்கையில் அதனால் வண்டி செய்துதர இயலாது என்று கருதப்பட்டது. அதன் வரைபடங்கள் வில்லிஸ், ஃபோர்டு நிறுவனங்களுக்கும் காட்டப்பட்டன. முடிவில் வென்றது வில்லிஸ். டெல்மர் ரூஸ் என்ற பொறியாளர் செம்மைப்படுத்திய அதன் 60 குதிரைத்திறன் எஞ்சினுக்கு முன் மற்ற இரண்டும் நிற்கவில்லை. போர் முடிவதற்குள் வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைச் செய்து தள்ளின. 'ஜீப்' என்ற பெயர் எப்படி வந்தது என்பதில் இன்றும் வழக்கு உண்டு. ஃபோர்டின் ஜி.பி. என்ற குறியீட்டின் திரிபு என்பர் சிலர். 1936-இல் பாப்பாய் சித்திரக்கதையில் வந்த, எங்கும் புகுந்து வெளிவரும் 'ஜீப்' என்ற விசித்திரப் பிராணியின் பெயர் என்பர் வேறு சிலர். சொல்லாராய்ச்சி செய்பவர்களுக்கு இரண்டாவதே சுவையானது.

இந்த வண்டியின் உயிர் அதன் இரண்டு சிறு குச்சிகளில் இருந்தது. பெரிய கியர்க் கம்பியை அடுத்து ஓட்டுநரின் வலக்கைக்கோ இடக்கைக்கோ எட்டும்படி தரையிலிருந்து அவை முளைத்திருக்கும். சாதாரணச் சாலையில் பின்சக்கரங்கள் மட்டும் வண்டியை உந்தும். முன்சக்கரங்கள் சும்மா உருண்டு வரும். சேற்றிலோ மணலிலோ பின்சக்கரங்கள் பிடிப்பின்றிச் சுழலும்போது ஒரு குச்சியை இழுத்தால், எஞ்சினின் விசை முன்னாலுள்ள தண்டு வழியாக முன் அச்சுக்கும் போகும். இரண்டாவது குச்சி வேகத்தைக் குறைத்து வலிமையைக் கூட்டும். அப்போது வண்டி பின்னாலிருந்து தள்ளப்படுவதோடு முன்னாலிருந்தும் இழுக்கப்படுகிறது. நுகத்தில் மாடு பூட்டியதும் பின்னால் ஆள் நின்று தள்ளுவதும் ஒருசேர நடப்பதுபோல என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொன்னால் உடனே விளங்கும்.

*

போர் முடிந்ததும் இந்த இயந்திரம் தேடிப்போனது உழவனைத்தான் என்பதை நாங்கள் வெகுகாலம் கழித்தே அறிந்தோம். 1945-இல் வில்லிஸ் வெளியிட்ட குடிமக்களுக்கான முதல் ஜீப்பு, பண்ணைக்கான வண்டி என்றே விளம்பரப்படுத்தப்பட்டது. அதைக் கொண்டு உழலாம், மரம் அறுக்கலாம், பொழுது சாய்ந்தால் குடும்பத்தோடு ஊருக்குப் போகலாம். டாட்ஜ் நிறுவனம் போர்க்களத்தில் ஓடிய தன் கனமான வண்டியை 1946-இல் 'பவர் வேகன்' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. நான்கு சக்கர இயக்கமும் பின்னால் திறந்த தொட்டியும் உள்ள பிக்கப் வண்டிகளுக்கு அதுவே முன்னோடி. 1968 வரை அதன் முகம் பெரிதாக மாறாமல் அமெரிக்காவில் விற்றது. 1947-இல் வில்லிஸும் ஜீப்பின் முகத்தோடு ஒரு பிக்கப்பை வெளியிட்டது. 1950களில் எஞ்சினின் மேலேயே ஓட்டுநர் அறையை ஏற்றிவைத்த மொட்டை முகத்து எஃப்சி வரிசை வந்தது. 1960களின் தொடக்கத்தில் கிளேடியேட்டர் வந்தது. மலைப்பண்ணைகளிலும் மரம் வெட்டும் காடுகளிலும் எண்ணெய்க் கிணற்று வெளிகளிலும் இவை உழைத்தன. தார்ச்சாலை முடியும் இடத்தில் இவற்றின் பயணம் தொடங்கியது.

அமெரிக்காவில் உழவனிடம் போன அந்த வண்டி நம் நாட்டில் முதலில் உழவனிடம் வரவில்லை. இரண்டு நாட்டு ஜீப்புகளின் வரலாறும் பிரியும் இடம் இதுதான்.

1945 அக்டோபர் 2 அன்று மகிந்திரா சகோதரர்களும் மாலிக் குலாம் முகமதுவும் சேர்ந்து 'மகிந்திரா அண்டு முகமது' என்ற பெயரில் எஃகு வணிகம் தொடங்கினார்கள். பிரிவினைக்குப்பின் குலாம் முகமது பாகிஸ்தானுக்குச் சென்று அந்நாட்டின் முதல் நிதியமைச்சரானார். பின்னர் கவர்னர் ஜெனரலாகவும் உயர்ந்தார். 1948-இல் நிறுவனத்தின் பெயர் 'மகிந்திரா அண்டு மகிந்திரா' ஆயிற்று. எம் அண்டு எம் என்ற சுருக்கெழுத்தை மாற்ற வேண்டியிருக்கவில்லை. உறவு முறிந்தாலும் பெயர்ப்பலகையின் எழுத்து மாறாதது அந்தக் காலத்தின் துயரங்களுள் சிறிய ஒன்று. அமெரிக்காவிலிருந்து பெட்டிகளில் வந்த வில்லிஸ் உதிரிகளைப் பூட்டி ஜீப்பாக்கும் வேலையை 1940களின் இறுதியில் பம்பாய் மசகானில் அவர்கள் தொடங்கினார்கள். அடுத்த பத்தாண்டில் ஜீப்பு உள்நாட்டிலேயே உருவாகத் தொடங்கியது. உயர்ந்த முன்மூடியும் வட்டக் கண்களும் கொண்ட சிஜே-3பி என்ற வடிவமே எங்கள் தலைமுறை ஜீப்பு என்றதும் மனத்தில் காண்பது. வில்லிஸ் 1953-இல் வெளியிட்ட அந்த உருவம் அதன் தாய்நாட்டில் 1960களோடு மறைந்தபின்னும் இங்கே பல பத்தாண்டுகள் ஓடியது.

ஜீப்பு நம் அரசியலுக்குள் நுழைந்தது ஓர் ஊழல் குற்றச்சாட்டோடு. 1948-இல் லண்டனில் இந்தியத் தூதராக இருந்த வி.கே. கிருஷ்ண மேனன், ராணுவத்துக்கு ஜீப்புகள் வாங்க முறையான வழிகளைத் தாண்டி 80 லட்சம் ரூபாய்க்கு ஒப்பந்தம் செய்தார் என்பது வழக்கு. வந்து சேர்ந்தவை 155 வண்டிகள்தாம். அனந்தசயனம் ஐயங்கார் தலைமையிலான குழு விசாரணை வேண்டும் என்றது; 1955-இல் அரசு வழக்கை முடித்துக்கொண்டது; 1956-இல் மேனன் மத்திய அமைச்சரானார். விடுதலைபெற்ற இந்தியாவின் முதல் ஊழல் சர்ச்சை என்று இதைக் குறிப்பிடுவார்கள்.

கிராமத்துக்கு ஜீப்பைக் கொண்டுவந்தது வேறொன்று. 1952 அக்டோபர் 2 அன்று அமெரிக்க உதவியோடு 55 இடங்களில் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பட்டது. ஏறக்குறைய 100 கிராமங்கள் கொண்டது ஒரு வட்டாரம். அதற்கு ஓர் அலுவலர், அவருக்கு ஒரு ஜீப்பு. சென்னை மாகாணத்தில் 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஊராட்சி ஒன்றியங்கள் அமைந்தபின் அந்த ஜீப்பு ஒன்றிய ஆபீசின் முன் நிரந்தரமாக நின்றது. பின்னர் காவல் நிலைய ஜீப்பு, ஆரம்ப சுகாதார நிலைய ஜீப்பு, தேர்தல் ஜீப்பு என்று பெருகியது. விதைநெல்லும் அம்மைத் தடுப்பூசியும் குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசாரமும் கடன் வசூலும் ஒரே உருவம் கொண்ட வண்டியில் வந்து இறங்கின. சர்க்கார் என்பதற்கு முகம் உண்டென்றால் எங்கள் ஊரில் அது ஏழு பிளவுகள் கொண்ட முன்பக்கமும் இரண்டு வட்ட விளக்குகளுமாகத்தான் இருந்தது.

அரியலூர்ப் பக்கத்தில் மூன்றாவது வகை ஜீப்பு ஒன்றும் உண்டு. அந்த மண்ணுக்கடியில் கிடப்பது கடல். பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் கொண்டிருந்த நிலம் அது. உழுதால் கல்லாகிப்போன சிப்பிகள் வரும். அந்தச் சிப்பிகளின் சுண்ணாம்பே சிமெண்டு ஆலைகளுக்கு மூலப்பொருள். 1939-இல் கல்லக்குடியில் டால்மியா ஆலை வந்தது. 1979-இல் அரியலூரில் அரசு சிமெண்டு ஆலை வந்தது. பின்னர்த் தனியார் ஆலைகள் வரிசையாக வந்தன. சுத்தியலும் துணிப்பையுமாக ஜீப்பில் வந்தவர்கள் கல்லைத் தட்டிப் பார்த்துக் காகிதத்தில் குறித்துக்கொண்டு போவார்கள். சில ஆண்டுகள் கழித்து அந்தக் கொல்லை சுரங்கமாகியிருக்கும். ஆகவே ஜீப்பின் புழுதியைக் கண்டால் ஊரில் முதலில் எழும் கேள்வி, "என்ன கொண்டாருது?" என்பதல்ல, "என்ன எடுத்துட்டுப் போவப் போவுது?" என்பதுதான்.

*

இரண்டு ஜீப்புகள் எங்கள் வீட்டோடு சம்பந்தப்பட்டவை.

முதலாவது 1987 கார்த்திகையில் வந்தது. பெரம்பலூர், அரியலூர் எல்லாம் அப்போது திருச்சி மாவட்டத்தில் இருந்தன. (1995-இல் பெரம்பலூர் தனி மாவட்டமானது. அரியலூர் 2001-இல் பிரிந்து, 2002-இல் மீண்டும் இணைந்து, 2007-இல் திரும்பவும் பிரிந்தது.) அத்தை தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். வலி கண்டு ஒரு முழு நாளாகியும் குழந்தை பிறக்கவில்லை. மூன்று நாள் மழை. எங்கள் ஊர் மண் கரிசல். காய்ந்தால் கால் நுழையும் அளவுக்கு வெடிக்கும். நனைந்தால் சக்கரத்தைக் கட்டிப்பிடித்துக்கொள்ளும். பஸ் வரும் சாலை நான்கு கிலோமீட்டருக்கு அப்பால். நடுவில் ஓர் ஓடை. அப்பா நனைந்துகொண்டே ஓடிப்போய் ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஜீப்பை அழைத்து வந்தார். கதவில் யுனிசெஃப் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அத்தையைக் கட்டிலோடு தூக்கி ஏற்றினார்கள். நாங்கள் ஓடைக்கரை வரை பின்னாலேயே ஓடினோம்.

ஓடையில் இடுப்பளவு தண்ணீர். ஓட்டுநர் வண்டியை நிறுத்தி இறங்கி, ஒரு குச்சியால் ஆழம் பார்த்துவிட்டு ஏறினார். குனிந்து எதையோ இழுத்தார். முன்சக்கரங்களும் மண்ணைப் பிடித்து இழுக்க, வண்டி உறுமிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி, தள்ளாடி, எதிர்க்கரையில் மாடு ஏறுவதுபோல் முன்னங்கால் ஊன்றி ஏறியது. கரையில் நின்ற தாத்தா கைகூப்பினார். சாமியையா, டிரைவரையா, வண்டியையா என்று எங்களுக்குத் தெரியவில்லை. அன்றிரவு அரியலூரில் பெண்குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் பதினைந்தாம் நாள் நலமாக வீடு திரும்பினார்கள்.

இரண்டாவது ஜீப்பு மறு ஆண்டு ஐப்பசியில் வந்தது. பருத்திக்காகத் தாத்தா வாங்கிய கடன் அது. ஓராண்டு மழையில்லை, மறு ஆண்டு காய்ப்புழு. தவணை நின்று வட்டி ஏறிப்போயிருந்தது. கடன் கொடுத்த அலுவலகத்தின் பெயர் இங்கே வேண்டாம்; ஆட்கள் சட்டப்படிதான் நடந்துகொண்டார்கள். கடுஞ்சொல் ஒன்றும் பேசவில்லை. பித்தளை அண்டா இரண்டு, தவலை ஒன்று, பிறகு வாசற்கதவு. கதவைக் கீலிலிருந்து கழற்றி, ஜீப்பின் பின்புறத்தில் சாய்த்துக் கயிற்றால் கட்டினார்கள். அதில் பாட்டி பொங்கலுக்கு வைத்த மஞ்சள் பொட்டுகள் அப்படியே இருந்தன. பாட்டி உள்ளே போய்விட்டாள். ஊர் பார்த்துக்கொண்டு நின்றது. ஊர் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் கதவை எடுப்பது. கதவுக்கு என்ன விலை வந்துவிடப்போகிறது?

வண்டி இரண்டு பர்லாங்கு போனதும் கரிசல் பிடித்துக்கொண்டது. முதல்நாள் மழை பெய்திருந்தது. பின்சக்கரங்கள் சுழன்று சுழன்று மண்ணைத் தோண்டின, அச்சு தரைதட்டியது. ஊர்ச்சனம் வேடிக்கை பார்த்தது. சிரிப்பும் கேட்டது. மாமன்மார் சிலர், "நில்லு, நல்லா நில்லு" என்றார்கள். நாங்களும் சிரித்தோம். கதவு இனித் திரும்பி வந்துவிடும் என்றுகூட நம்பினோம்.

தாத்தா நடந்து போனார். குனிந்து வண்டிக்கடியில் பார்த்தார்.

"முன்சக்கரம் இழுக்கலியா தம்பி?"

"முன்னாடி ஜாயிண்ட்டக் கழட்டி வச்சிட்டாங்கய்யா. டீசல் சாஸ்தியாத் தின்னுதுன்னு. ரெண்டு வருசமாச்சு. ஆபீசு மூலையில கெடக்குது."

தாத்தா வீட்டுக்குத் திரும்பி வந்து கொட்டகையிலிருந்து எருதுகளை அவிழ்த்தார். அப்பா குறுக்கே நின்றார். "என்னா பண்றீங்க? நம்ம கதவ நாமளே இழுத்துக் குடுக்கணுமா?" என்றார். தாத்தா பதில் சொல்லவில்லை. எருதுகளை ஓட்டிப் போய், ஜீப்பின் முன்கொக்கியில் வடத்தைக் கட்டி நுகத்தோடு பிணைத்தார். "புள்ளைங்களா, பின்னால போயித் தள்ளுங்க" என்றார். நாங்கள் மூவரும் போனோம். ஜீப்பில் கைவைக்க இடமில்லை. எங்கள் கதவில்தான் கைவைத்துத் தள்ளினோம். கால்சட்டையை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு அதிகாரியும் எங்களோடு நின்று தள்ளினார். எருதுகள் முட்டிபோட்டு எழுந்தன. வண்டி வெளியே வந்தது.

அதிகாரி கைகழுவத் தண்ணீர் கேட்டு வாங்கிக் கழுவினார். தாத்தாவின் முகத்தைப் பார்க்காமலேயே, "பெரியவரே, என் கையில ஒண்ணும் இல்ல. பத்து நாளுக்குள்ள கட்டிட்டு வந்து எடுத்துக்குங்க. வெளியில போவாமப் பாத்துக்குறேன்" என்றார். அப்படியே பார்த்துக்கொண்டார் என்பதையும் சொல்ல வேண்டும்.

அன்றிரவு அப்பா சாப்பிடவில்லை. "எதுக்காக அப்படிச் செஞ்சீங்க?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். வெகுநேரம் கழித்துத் தாத்தா சொன்னார்: "போன வருசம் ஓடையில எறங்குனதும் இதே மாதிரி வண்டிதான்டா. சேத்துல நிக்கிற வண்டியில என்னா இருக்குன்னு பாத்துக்கிட்டா கைகுடுப்பாங்க?"

மறு வாரம் அந்த எருதுகள் விற்றன. பணம் கட்டிக் கதவும் அண்டாக்களும் வந்தன. கதவில்லாத ஒன்பது இரவுகளும் பாட்டி வாசற்படியில் குறுக்கே படுத்திருந்தாள். 1990-இல் வி.பி. சிங் அரசு பத்தாயிரம் ரூபாய் வரையிலான விவசாயக் கடன்களைத் தள்ளுபடி செய்தபோது, எங்கள் வீட்டில் தள்ளுபடி செய்யக் கடன் ஏதும் இல்லை. கொட்டகையில் எருதும் இல்லை.

*

பிற்காலத்தில் தமிழ் படித்து, தமிழ் கற்பிக்கப் போனோம். புறநானூற்றில் அதியமான் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடிய பாட்டு ஒன்று உண்டு. உப்பு வணிகரின் வண்டி நெடுவழி போகிறது. மாடுகள் புதியவை, பாரம் பெரிது, வழியில் மேடும் பள்ளமும். எங்கே அச்சு முறியும் என்று சொல்ல முடியாது. எனவே வண்டியின் அடியில் இன்னொரு அச்சைக் கட்டி எடுத்துப்போவார்கள். அதற்குச் சேம அச்சு என்று பெயர். அரசன் மக்களுக்கு அந்தச் சேம அச்சைப் போன்றவன் என்பது பாட்டின் கருத்து. ஆண்டுதோறும் இதை நடத்தும்போது மாணவர்களுக்குச் சக்கரமும் நுகமும் விளக்கிவிட்டு ஒரு நிமிடம் நிற்போம். பிள்ளைகள் எதற்கென்று அறியமாட்டார்கள். ஆபீசு மூலையில் கிடந்த அந்த ஜாயிண்ட் எங்கள் கண்முன் வந்து நிற்கும்.

ஜீப்பின் முன் அச்சும் சேம அச்சுத்தான். நல்ல சாலையில் அது வீண் சுமை, உருளும், டீசலைத் தின்னும். கணக்குப் பார்ப்பவனுக்கு அதைக் கழற்றி வைப்பதே நியாயமாகத் தோன்றும். ஆனால் நான்கு சக்கர வண்டி என்பதன் பொருளே மோசமான ஒரு நாளைக்கு முன்கூட்டியே செய்துவைத்த ஏற்பாடு என்பதுதான். சுகாதார நிலையத்து ஓட்டுநர் அதைப் பேணி வைத்திருந்தார். ஒரு பெண் பிழைத்தாள். வசூலுக்கு வந்த வண்டியில் அது கழற்றப்பட்டிருந்தது. கழற்றப்பட்ட இடத்தில், கடன்பட்ட கிழவன் ஒருவன் தன் எருதுகளைக் கொண்டுபோய்க் கட்டினான். அரசு குடிகளுக்குச் சேம அச்சு என்றார் ஔவையார். நாங்கள் கண்டது குடிகள் அரசுக்குச் சேம அச்சாக நின்றதை. வறட்சி, வெள்ளம், தள்ளுபடி, வசூல் என்று எது வந்தாலும் கடைசியில் இழுப்பது யார் என்ற கேள்விக்கு அந்தக் கரிசல் பாதையைத் தவிர வேறு பதில் எங்களிடம் இல்லை.

தாத்தா செய்தது சரியா என்பதில் எங்கள் மூவருக்குள் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. அது பெருந்தன்மை என்பாள் அக்கா. அது பழக்கப்பட்ட பணிவு. பெருந்தன்மை என்று பெயர் வைத்து நாம்தான் ஆறுதல்பட்டுக்கொள்கிறோம் என்பான் அண்ணன். பாட்டு நடத்தும் எங்களில் ஒருவருக்கு இரண்டும் ஒரே கயிற்றின் இரு புரிகளாகவே தெரிகின்றன.

*

ஜீப்பின் கதை அதன்பின் வேகமாக மாறியது. 1973-இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகே மகிந்திரா டீசலுக்குத் திரும்பியிருந்தது. 1980களில் பெஜோ எஞ்சின் பொருத்திய ஜீப்புகள் வந்தன. 2000-இல் பொலிரோ வந்தது. அதே ஆண்டு தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டமும் மாநிலத் திட்டங்களும் கரிசலின்மேல் தாரை ஊற்றின. ஓடைக்குப் பாலம் வந்தது. 2008-இல் 108 ஆம்புலன்சு வந்தது. பிரசவத்துக்கு ஜீப்பைத் தேடி ஓட வேண்டிய நிலை போனது. தேனிப் பக்கம் போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஏலத்தோட்டக் கூலிப்பெண்களை ஏற்றிக்கொண்டு மலையேறும் ஜீப்புகளைப் பார்த்தபோதுதான், அந்தப் பழைய உறுமலை நாங்கள் மீண்டும் கேட்டோம்.

அமெரிக்காவிலோ ஜீப்பின் பெயர் கைமாறிக்கொண்டே போனது. வில்லிஸிடமிருந்து கைசருக்கு, பின் ஏஎம்சிக்கு, 1987-இல் கிரைஸ்லருக்கு, பின் ஃபியட்டுக்கு. பழைய ஜீப்பின் சாயலில் மகிந்திரா 2018-இல் ரோக்சர் என்ற வண்டியைச் செய்து அமெரிக்காவிலேயே விற்கப் போனபோது, அது எங்கள் முகம் என்று ஜீப்பின் உரிமையாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2020-இல் தீர்ப்பு அவர்கள் பக்கமே வந்தது; முகத்தை மாற்றிக்கொண்ட பின்னரே ரோக்சர் தொடர்ந்து விற்க முடிந்தது. எழுபது ஆண்டு நம் புழுதியில் ஓடி நம் அரசின் முகமாகவே ஆகிவிட்ட ஒன்று, சட்டப்படி இன்னொருவரின் முகம். தன் வரைபடத்தை இழந்த பட்லர் நகரத்துப் பாண்டம் நிறுவனத்தை அப்போது நினைத்துக்கொண்டோம்.

இன்று எங்கள் ஊரில் மட்டும் பதினொரு பிக்கப் வண்டிகள். போருக்குப் பிறகு அமெரிக்க உழவனிடம் போன அந்தத் திறந்த தொட்டி வண்டி, எங்கள் உழவனின் கைக்கு வர ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகியிருக்கிறது. சர்க்காரின் வண்டியாக வந்தது, சாதாரணர்களின் வண்டியாகிவிட்டது. தவணையில் வாங்கியதுதான், தவணை தவறினால் வந்து எடுத்துப் போகிறவர்களும் உண்டு. ஆனால் ஸ்டியரிங்கின் பின்னால் இப்போது இருப்பவன் எங்கள் வீட்டுப் பிள்ளை.

தம்பி வண்டி வாங்கிய அன்று, சாயங்காலம் எல்லோரும் கலைந்தபின் அப்பா மறுபடி வண்டியருகே போனார். தரையில் கையூன்றிக் குனிந்து, தொட்டியின் அடியில் பார்த்தார். தம்பி பதறி ஓடி வந்தான்.

"என்னா பெரியப்பா தேடுறீங்க?"

"ஸ்டெப்னி இருக்கான்னு பாத்தேன்."

"அடியில கட்டியிருக்கு பெரியப்பா."

"காத்து இருக்கா?"

அவன் விழித்தான். அதை அவன் பார்த்திருக்கவில்லை. அப்பா கைத்தடியை நீட்டி அந்தச் சக்கரத்தைத் தட்டினார். சத்தம் தொளதொளவென்று வந்தது. மறுநாள் காலை வெங்காய மூட்டை ஏற்றுவதற்கு முன்னால், தம்பி ஸ்டெப்னியைக் கழற்றிக்கொண்டு போய்க் காற்றடித்து வந்தான். திரும்ப மாட்டும்வரை அப்பா பக்கத்திலேயே நின்றிருந்தார்.